எண்ணெய்க்கு அடியிலே துரு: துப்பாக்கிக் குழல் சொல்லும் பாடம்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் நாற்றைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ பேச வரவில்லை. துருவைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் துப்பாக்கிக் குழலில் பிடிக்கிற துரு. "மண்வெட்டி பிடிக்கிறவனுக்குத் துப்பாக்கிக் கதை எதுக்குங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நம் வீட்டில் அரிவாள் துருப்பிடித்தால் சாணை பிடித்துக்கொள்கிறோம். கொழு துருப்பிடித்தால் நாலு சால் ஓட்டினால் பளபளப்பாகிவிடும். பட்டாளத்துக்காரருக்கு அப்படி இல்லீங்க. குழலுக்குள் துரு விழுந்தால் குறி தவறும். தோட்டா சிக்கிக்கொண்டால் உயிரே போகும். அதனால் இரும்பைச் சுத்தம் செய்யவும், வழவழப்பாக வைக்கவும், துருவைத் தடுக்கவும் அவர்கள் இருநூறு முந்நூறு வருஷமாக என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மாட்டுக் கொழுப்பு, திமிங்கில எண்ணெய், பர்மா மண்ணெண்ணெய்க் கிணற்றுச் சரக்கு, கொதிக்கிற வெந்நீர், கடைசியில் டப்பாவில் வரும் மருந்துகள். எது எதற்கு உதவும், எது உதவாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த வரலாற்றில் பொட்டாஷ் மூட்டை தூக்குகிற நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

துரு எப்படி உண்டாகிறது?

இரும்பும், ஈரமும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்று சேர்ந்தால் துரு. இந்த மூன்றில் ஒன்றைத் தள்ளிவைத்தால் துரு இல்லை. வறண்ட காற்றில் இரும்பு அப்படியே கிடக்கும். ஈரம் வந்தால் போச்சு. அந்த ஈரத்தில் உப்பும் கரைந்திருந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். கடலோரக் கிராமத்து மோட்டார் பம்புசெட்டையும் உள்நாட்டுப் பம்புசெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

அலுமினியத்தின் மேல் படிகிற படலம் கெட்டியாக மூடிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்புத் துரு அப்படியில்லை. அது உப்பலாக, பொரபொரவென்று இருக்கும். ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரு புள்ளியில் தொடங்கிய துரு நிற்காமல் குழி பறிக்கிறது.

ஆக, இரும்புக் கருவிக்கு நாம் செய்ய வேண்டிய வேலை மூன்று. ஒன்று, அழுக்கையும் உப்பையும் நீக்குவது. இரண்டு, உராயும் இடத்தில் மசகு போடுவது. மூன்று, ஈரமும் காற்றும் படாமல் மூடி வைப்பது. இவை மூன்றும் மூன்று தனி வேலைகள். இதை மனசில் வைத்துக்கொண்டு கதைக்குப் போவோம்.

கரிமருந்துக் காலம்

பழைய துப்பாக்கியில் போட்டது கரிமருந்து. வெடியுப்பு சுமார் 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இந்த வெடியுப்பை கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரில், பாட்னா வட்டாரத்தில் வாங்கிக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பியது. கரிமருந்து எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் கெட்டியான கசடாகக் குழலுக்குள் படியும். அது பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்த உப்புக்கள். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ராத்திரி அப்படியே விட்டால் காலையில் துரு தெரியும்.

ஆனால் அந்தக் கசடு தண்ணீரில் கரையும். அதனால் அந்தக் காலத்துச் சிப்பாய் என்ன செய்தான்? குழலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. கசடும் சீக்கிரம் கரையும், குழலும் சூடேறித் தானாகவே உலர்ந்துவிடும். பிறகு துணியால் துடைத்து, எண்ணெயோ கொழுப்போ தடவினான். இரசாயனம் படிக்காத அந்த ஆள் செய்தது முழுக்க முழுக்கச் சரியான முறை. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

இன்னொரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். துருவைக் கொண்டே துருவைத் தடுக்கவும் அந்தக் காலத்துக் கொல்லர்கள் கற்றிருந்தார்கள். குழலின் வெளிப்பக்கத்தில் மருந்து தடவி, மெல்லிய துருவை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். அதைத் தேய்த்துவிட்டு மறுபடியும் வரவழைப்பார்கள். இப்படிப் பல தடவை செய்தால் பழுப்பு நிறத்தில் கெட்டியான தோல் போல் ஒன்று படியும். கொதிநீரில் வேகவைத்தால் அந்தச் செந்துருவே கருந்துருவாக மாறி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் எண்ணெய் நன்றாகப் பிடித்து நிற்கும். துப்பாக்கிக் குழல்கள் கறுப்பும் நீலமுமாக இருப்பதற்கு இந்த வழிமுறையில் வந்த வேலையும் ஒரு காரணம்.

மசகு மூட்டிய தீ

மசகு என்றால் சாதாரண விஷயம் என்று நினைக்கிறோம். 1857-ல் நடந்ததைப் பாருங்கள்.

1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியை இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கக் கம்பெனி முடிவு செய்தது. குழலுக்குள் மரை வெட்டிய துப்பாக்கி அது. குண்டையும் மருந்தையும் காகிதத்தில் சுற்றி, அந்தக் காகிதத்துக்கு மேலே மசகு தடவியிருப்பார்கள். குண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கவும், கரிமருந்துக் கசடு இறுகிப் போகாமல் இளகி இருக்கவும் அந்த மசகு வேண்டும். தொழில்முறையில் பார்த்தால் தவறில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பது கவாத்து விதி. மசகில் இருந்ததோ விலங்குக் கொழுப்பு. எந்த விலங்கின் கொழுப்பு என்று வாங்கும்போது யாரும் நிபந்தனை போடவில்லை. மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பேச்சுப் பரவியது. ஒன்று இந்துச் சிப்பாய்க்கு ஆகாது, மற்றொன்று முஸ்லிம் சிப்பாய்க்கு ஆகாது.

அதிகாரிகள் விழித்துக்கொண்டு, "நீங்களே உங்களுக்குப் பிடித்த மசகைத் தடவிக்கொள்ளலாம், கையாலேயே கிழிக்கலாம்" என்று உத்தரவு மாற்றினார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. 1857 மார்ச் 29-ந் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கினார். ஏப்ரல் 24-ந் தேதி மீரட்டில் 85 குதிரைப்படைச் சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள், மே 10-ந் தேதி, மீரட் கிளர்ந்து எழுந்தது.

அந்தப் பெரும் போராட்டத்துக்குத் தோட்டா மட்டும் காரணமல்ல. பறிபோன ராஜ்யங்கள், நிலவரிக் கொடுமை, சிப்பாய்களின் மனக்குறை என்று எத்தனையோ சேர்ந்திருந்தது. ஆனாலும் ஒரு பொருளைக் கொடுக்கும்போது அதில் என்ன கலந்திருக்கிறது என்று பயன்படுத்துகிறவனுக்குச் சொல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. விரிவாக்கப் பணியில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது எப்போதும் நினைவில் இருக்க வேண்டிய சங்கதி.

திமிங்கிலமும் பர்மாக் கிணறும்

கொழுப்பிலும் தாவர எண்ணெயிலும் ஒரு குறை உண்டு. நாள்பட்டால் காற்றோடு சேர்ந்து சிக்குப் பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் பிசின் மாதிரி காய்ந்தே போகும். நல்லெண்ணெயும் நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும். தையல் மெஷினில் சமையல் எண்ணெய் ஊற்றிப் பார்த்த தாய்மார்களுக்கு இது தெரியும். விளக்கெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காயாது. அதனால்தான் வண்டி அச்சுக்கு மை போட நம் பெரியவர்கள் விளக்கெண்ணெயைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிக்குப் பிடிக்காத எண்ணெய் தேடியவர்களுக்குக் கிடைத்தது திமிங்கில எண்ணெய். எல்லாத் திமிங்கிலமும் அல்ல, பெரிய தலையில் எண்ணெய் வைத்திருக்கும் ஒரு வகை. அந்த எண்ணெய் உண்மையில் எண்ணெயே அல்ல, திரவ வடிவிலுள்ள மெழுகு. குளிரிலும் இறுகாது, எளிதில் கெடாது. கடிகாரம், தையல் மெஷின், துப்பாக்கி விசை எல்லாவற்றுக்கும் அதைப் போட்டார்கள். அதற்காகத் திமிங்கிலங்களை வேட்டையாடித் தள்ளினார்கள். கடைசியில் இனமே அழியும் நிலை வந்ததால் 1970-ல் அமெரிக்கா அந்த எண்ணெயின் இறக்குமதியை நிறுத்தியது. வியாபாரத்துக்காகத் திமிங்கிலம் பிடிப்பதை நிறுத்திவைக்க 1982-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் தீர்மானித்தது.

அப்புறம் நடந்ததுதான் விவசாயிகளாகிய நமக்குச் சந்தோஷமான செய்தி. அந்தத் திரவ மெழுகுக்கு ஈடான சரக்கு ஒரு செடியின் விதையிலேயே இருந்தது! மெக்சிகோ, அமெரிக்கா எல்லையிலுள்ள பாலைவனத்துச் செடி அது, பெயர் ஜோஜோபா. நம் ராஜஸ்தான வறட்சிப் பகுதிகளிலும் அதைப் பயிரிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், பூமிக்குள்ளிருந்து வந்தது பர்மா எண்ணெய். பர்மாவில் ஏனாங்யாவுங் என்ற ஊரில் கையாலேயே கிணறு தோண்டி எண்ணெய் இறைத்துக்கொண்டிருந்தார்கள். 1886-ல் பர்மா ஆயில் கம்பெனி தோன்றியது. அந்த நாட்டுச் சரக்கிலிருந்து வந்த கனமான எண்ணெயை 'ரங்கூன் ஆயில்' என்றே பிரிட்டிஷ் பட்டாளத்தில் சொல்வார்கள். துப்பாக்கியைத் துருவிலிருந்து காக்க அதைத்தான் பூசினார்கள். பூமி எண்ணெய்க்குச் சிக்குப் பிடிக்கும் குணம் குறைவு. நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் பர்மாவுக்கு நெல் அறுக்கவும், ஆலை வேலைக்கும், வட்டித் தொழிலுக்கும் போன அதே காலம்தான் அது. பெரியவர்கள் வாயில் 'ரங்கூன்' என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

புகை போனது, துரு வந்தது

இப்போதுதான் கதையின் முக்கியமான கட்டம்.

1884-ல் பிரான்சு நாட்டில் பால் வியேய் என்ற விஞ்ஞானி புகையில்லாத வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். 1889-ல் பிரிட்டிஷார் 'கார்டைட்' என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். நம் நீலகிரியில் அருவங்காட்டிலுள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை அந்தக் கார்டைட்டைச் செய்வதற்காக 1903-ல் நிறுவப்பட்டதுதான்.

புது மருந்தில் கசடு இல்லை. சுட்ட பிறகு குழலுக்குள் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். "இனிமேல் தண்ணீர் எதற்கு? எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்" என்று பலர் நினைத்தார்கள். அப்படியே செய்தார்கள். மறுநாள் பார்த்தால் குழலுக்குள் துரு! நன்றாக எண்ணெய் போட்டும் துரு! துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் போட்டாலும் மறுபடியும் துரு!

ஏன் இப்படி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மருந்தில் உண்டான வாயு இரும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து பிறகு வியர்வை மாதிரி வெளியே வருகிறது என்றார்கள் சிலர். மருந்தின் அமிலம் அரிக்கிறது என்றார்கள் வேறு சிலர். ஆளாளுக்கு ஒரு திரவம் கலக்கி விற்றார்கள்.

விடை கிடைத்தது 1922-ல். அமெரிக்கச் சுரங்கத் துறையில் வேலை பார்த்த வில்பர்ட் ஹஃப் என்ற ஆராய்ச்சியாளர் அறிக்கை ஒன்று வெளியிட்டார். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் நடக்கும் அரிப்பு என்பதே அதன் தலைப்பு. சுட்ட குழலை வறண்ட காற்றில் வைத்தால் துரு இல்லை, ஈரக் காற்றில் வைத்தால் துரு என்று கண்டார். குற்றவாளி வெடிமருந்து இல்லை, தோட்டாவின் அடியிலுள்ள கேப்பு.

கேப்பு என்றால் தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிப்பார்களே, அதன் அண்ணன் என்று வையுங்கள். அடித்தால் நெருப்பு வரும் இந்த மருந்தை 1807-லேயே ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தார். அதில் சேரும் சரக்கு பொட்டாசியம் குளோரேட். நம் தீக்குச்சித் தலையிலும் அதுதான் இருக்கிறது. அது எரிந்து பிராணவாயுவைக் கொடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு. சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு கேப்பில் ஒரு சிட்டிகைகூடத் தேறாது. ஆனால் அது குழல் முழுக்கப் பொடியாகப் படிந்து, ஈரத்தை இழுத்து, இரும்பைத் தின்கிறது.

கரிமருந்துக் காலத்திலும் இந்தக் கேப்பு இருந்தது. ஆனால் அப்போது எல்லோரும் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கசடோடு கசடாக இந்த உப்பும் போய்விட்டது. புகையில்லாத மருந்து வந்ததும் குழல் சுத்தமாகத் தெரிந்தது, தண்ணீரை நிறுத்தினார்கள். உப்பு தங்கிவிட்டது. எண்ணெயில் உப்பு கரையாது. அதன் மேல் எண்ணெய் பூசுவது, குப்பையைப் பாய் போட்டு மூடுகிற மாதிரிதான்.

பிரிட்டிஷ் பட்டாளத்தில் லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்குப் புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை விடவில்லை. வெந்நீர் ஊற்றி, கனமான முனையுள்ள கயிற்றில் துணியைக் கோத்து இழுத்து உலரவைத்து, கட்டையின் அடியில் வைத்திருக்கும் சிறு பித்தளைக் குப்பியிலிருந்து எண்ணெய் எடுத்துத் தடவுவார்கள். முதலில் தண்ணீர், அடுத்தது துணி, கடைசியில் எண்ணெய். வரிசை மாறக் கூடாது.

பொட்டாஷ் மூட்டைக்கு வருவோம்

பொட்டாசியம் குளோரைடு என்று சொன்னேனே, அதை உங்களுக்கு என்ன பெயரில் தெரியும் தெரியுமா? 'மியூரேட் ஆஃப் பொட்டாஷ்'. நெல்லுக்கும் வாழைக்கும் கரும்புக்கும் நாம் போடுகிற அதே பொட்டாஷ் உரம்தான்! துப்பாக்கிக் குழலை அரித்த உப்பும் நம் உர மூட்டையில் இருக்கிற உப்பும் ஒன்றேதான், வித்தியாசமே இல்லை.

வாழை விவசாயம் செய்கிற ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். "ஏன் சார், உரம் அள்ளுற இரும்புச் சட்டியையும் மண்வெட்டியையும் தினமும் எண்ணெய்த் துணியால துடைச்சுத்தான் வைக்கிறேன். அப்படியும் அடியில ஓட்டை விழுதே?" என்றார். "ஐயா, எண்ணெய் போடுறதுக்கு முன்னால தண்ணி ஊத்திக் கழுவுறீங்களா?" என்று கேட்டேன். "இரும்பு மேல தண்ணி பட்டா துருப்பிடிக்காதா சார்?" என்றார். நியாயமான பயம்தான். அந்தக் காலத்தில் படித்த பட்டாளத்து அதிகாரிகள் பலருக்கு இருந்ததும் அதே பயம். ஆனால் பத்து நிமிஷம் பட்டுத் துடைத்துவிடுகிற நல்ல தண்ணீர் செய்யும் கெடுதலைவிட, ராத்திரி முழுக்க எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்திருக்கும் உப்பு செய்யும் கெடுதல் பல மடங்கு.

டப்பாவில் வந்த மருந்துகள்

இனி, கடையில் வந்த சரக்குகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1903-ல் அமெரிக்காவில் ஹோப்பி என்பவர் 'ஒன்பதாம் நம்பர்' என்ற திரவத்தை விற்றார். குழலில் ஒட்டும் வெடிமருந்துக் கரியையும் உலோகக் கறையையும் இளக்குவது அதன் வேலை. அது துடைப்பம், போர்வை அல்ல. துடைத்த பிறகு வேறு எண்ணெய் போட வேண்டும்.

1904 வாக்கில் ஜெர்மனியில் 'பாலிஸ்டால்' வந்தது. துப்பாக்கி இரும்பு, கட்டை, தோல் வார் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் வேண்டும் என்று அந்நாட்டுப் பட்டாளம் கேட்டதால் செய்தது. இதற்கு ஒரு தனிக் குணம். தண்ணீரோடு சேர்த்தால் பால் மாதிரி கலக்கும். தண்ணீர் சேர்வதால் உப்பைக் கழுவவும் முடியும், தண்ணீர் உலர்ந்த பின் எண்ணெய் நின்று காக்கவும் செய்யும்.

'காஸ்மோலின்' என்பது வாசலின் மாதிரி கெட்டியான பூமிக் கொழுப்பு. இரண்டாம் உலக யுத்தத்தில் துப்பாக்கிகளை அதில் முக்கி எடுத்து, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். வருஷக்கணக்கில் துரு அண்டாது. ஆனால் அதோடு சுட முடியாது. முழுக்கத் துடைத்தெடுத்த பிறகுதான் உபயோகம். நீண்ட நாள் பூட்டி வைக்கும் சாமானுக்கு இது சரி, தினமும் எடுக்கும் சாமானுக்குச் சரிவராது.

1953-ல் அமெரிக்காவின் சான் டீகோ நகரில் 'டபிள்யூ டி 40' என்ற திரவம் உருவானது. ராக்கெட்டின் உடல் துருப்பிடிக்காமலிருக்கச் செய்தது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்தப் பெயர். இரும்பின் மேலுள்ள ஈரத்தை நெட்டித் தள்ளும், இறுகிய நட்டு போல்ட்டை இளக்கும். ஆனால் அதன் படலம் மெல்லியது. கனமாக உராயும் இடத்துக்கு மசகாகவோ, மழைக்காலம் முழுக்கக் காவலாகவோ அதை மட்டும் நம்பக் கூடாது.

கடைசியாக, 1970-களின் இறுதி வாக்கில் அமெரிக்கப் பட்டாளத்தில் சுத்தம், மசகு, காவல் மூன்றையும் ஒரே புட்டியில் அடக்கிய எண்ணெய் வந்தது. போர்க்களத்தில் மூன்று புட்டி தூக்க முடியாத சிப்பாய்க்கு அது பெரிய சௌகரியம். ஆனால் சுத்தம் செய்வதில் தனி மருந்து அளவுக்கும், நீண்ட நாள் காப்பதில் கெட்டிக் கொழுப்பு அளவுக்கும் அது வராது. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்றால் நாம் எப்படி யோசிப்போமோ, இதையும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

இதற்கிடையில் கேப்பையே மாற்றிவிட்டார்கள். உப்பு மிச்சம் விடாத கேப்புகள் 1920-களின் இறுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தன. பட்டாளங்கள் முழுக்க மாற இன்னும் பல வருஷமாயிற்று. ரஷ்யர்கள் வேறு வழி கண்டார்கள். உப்பு விடும் கேப்பையே வைத்துக்கொண்டு, குழலின் உட்புறத்துக்குக் குரோம் முலாம் பூசிவிட்டார்கள்.

"தானே சுத்தமாகும்" என்ற பொய்

இவ்வளவு தெரிந்த பிறகும் பெரிய தவறு ஒன்று நடந்தது. 1960-களில் அமெரிக்கா வியட்நாம் யுத்தத்துக்குப் புதிய எம் 16 துப்பாக்கியைக் கொடுத்தது. இதற்குச் சுத்தம் செய்யும் வேலையே அதிகம் இல்லை, தானே சுத்தமாகிக்கொள்ளும் என்ற பேச்சு சிப்பாய்களிடம் பரவியிருந்தது. சுத்தம் செய்யும் கம்பி, தூரிகை, எண்ணெய் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை. தோட்டாவின் மருந்து வகையையும் இடையில் மாற்றினார்கள். அது கூடுதலாக அழுக்கு விட்டது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் முலாமும் இல்லை.

வியட்நாம் எப்படிப்பட்ட ஊர்? நம் ஊர் மாதிரி நெல்வயல், பருவமழை, புழுக்கம். அந்த ஈரத்தில் தோட்டா அறையில் குழி விழுந்தது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது முன்னாலிருந்து கம்பி விட்டுக் குத்தித்தான் அதை எடுக்க வேண்டும். அந்தக் கம்பியும் பலரிடம் இல்லை. பிள்ளைகள் செத்தார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் மூலம் விஷயம் வெளியே வந்தது. 1967-ல் ரிச்சர்டு இக்கார்டு தலைமையில் நாடாளுமன்றக் குழு விசாரித்து, பட்டாள நிர்வாகத்தைக் கடுமையாகக் குறை கூறியது.

பிறகு அறைக்குக் குரோம் முலாம் பூசினார்கள். சுத்தம் செய்யும் சாமான்களைக் கொடுத்தார்கள். இன்னொரு காரியமும் செய்தார்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1968-ல் வில் ஐஸ்னர் என்ற பெயர்பெற்ற ஓவியரைக் கொண்டு 32 பக்கத்தில் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று போட்டார்கள். எதை எப்படிக் கழற்றுவது, எங்கே துடைப்பது, எங்கே எவ்வளவு எண்ணெய் விடுவது என்று படம் படமாகப் போட்டுச் சொன்னார்கள். தடித்த விதிமுறைப் புத்தகம் எடுபடாத இடத்தில் படம் எடுபட்டது. கருவி கொடுத்தால் மட்டும் போதாது, பராமரிக்கும் சாமானும் கொடுக்க வேண்டும், புரிகிற பாஷையில் சொல்லவும் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எத்தனை உயிர் கொடுக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

நம் கருவிகளுக்கு என்ன செய்வது?

இத்தனை வரலாற்றிலிருந்தும் நமக்குத் தேவையானதைத் திரட்டிச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: உரம் பட்ட சட்டி, மண்வெட்டி, உரம் போடும் கருவி, உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு எதுவானாலும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மண்ணெண்ணெய் கிரீசை எடுக்கும், உப்பை எடுக்காது.

இரண்டு: கழுவியதும் துணியால் துடைத்து வெயிலில் காய வையுங்கள். சிறிய சாமானாக இருந்தால் கடைசியில் வெந்நீர் ஊற்றினால் தானே உலரும்.

மூன்று: முழுக்கக் காய்ந்த பிறகே எண்ணெய். தினமும் எடுக்கிற அரிவாள், களைக்கொத்துக்கு மெல்லிய மெஷின் எண்ணெய் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். சமையல் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும், நாள்பட்டால் பிசுபிசுத்து மண் பிடிக்கும்.

நான்கு: அடுத்த பருவம் வரைக்கும் தூக்கி வைக்கும் கொழு, கலப்பைப் பல்லுக்குக் கெட்டிக் கிரீஸ் பூசுங்கள். எடுக்கும்போது மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொள்ளலாம். அப்போது பீடி, அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

ஐந்து: எஞ்சினில் ஓடித் தேய்ந்த பழைய ஆயிலைப் பூசாதீர்கள். அதில் அமிலமும் கரியும் சேர்ந்திருக்கும், கையில் படுவது உடம்புக்கும் கெடுதல்.

ஆறு: கைத்தெளிப்பானில் மருந்து அடித்து முடிந்ததும் மூன்று தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசி, நாசில் வழியாகவும் பீச்சி விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. ரப்பர் வாஷரில் மண்ணெண்ணெயோ கிரீசோ படவிடாதீர்கள், ஊதிப் போகும்.

ஏழு: இரும்புச் சாமானைப் பொட்டாஷ் மூட்டைக்குப் பக்கத்திலோ ஈரச் சாக்கில் சுற்றியோ வைக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை உப்பும் சாக்கும் இழுத்து இரும்புக்குக் கொடுத்துவிடும்.

பயிர்ப் பாதுகாப்புக்காக 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்று, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் மலையடிவார விவசாயிகள் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கும் பழைய முறையே நல்லது: வெந்நீர், துணி, எண்ணெய். மருந்து கெட்டித்திருக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் துடைக்க உட்காராதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. வனவிலங்குகளைச் சுடுவதற்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது என்பதையும், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைப்பது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விவசாயப் பெருமக்களே, ஒரு நல்ல கைத்தெளிப்பான் வாங்க எத்தனை நாள் கூலி சேர்க்க வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் துரு தின்னாமல் காக்க வேண்டியதெல்லாம் ஒரு குடம் தண்ணீரும், ஒரு பழந்துணியும், ஒரு சொட்டு எண்ணெயும்தான். இன்று சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் உரச் சட்டியிலிருந்து தொடங்குங்கள். முதலில் தண்ணீர், அடுத்தது துணி, கடைசியில் எண்ணெய்.